ஊஞ்சல் வாகையில் உப்புச் சர்க்கரைத் தட்டு

குழு: அப்பாரு தோட்டம்

ஞாயிறு

[காலை 6:10] பெரியம்மா: பெண் வீட்டில் நிச்சயச் சடங்கான உப்புச் சர்க்கரைக்கு அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டார்கள். தேங்காய், பழம், பூ எல்லாவற்றுக்கும் எவர்சில்வர் தட்டுகள் இருக்கின்றன. முன்னால் எடுத்துச் செல்லும் தட்டு எது என்பது மட்டும் முடிவாகவில்லை. வழக்கம்போல முழு வாக்கியமாகப் பதில் எழுதுங்கள், கட்டைவிரல் படம் பதிலாகாது.

[காலை 6:14] கோவை சித்தப்பா: முன்தட்டை நான் செய்து தருகிறேன். தோட்டத்துச் சாளை வீட்டில் சாத்திக் கிடந்த வாகைப் பலகையை நேற்றே வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். 2 அங்குலத் தடிமன், 3 அடி நீளம். ஓர் அங்குலத் தடிமன் காய ஓராண்டு ஆகும் என்பார்கள்; இது வெட்டி 6 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊஞ்சல் கட்டிய கவட்டையிலிருந்து அறுத்த துண்டு என்பதால், இரண்டு கிளைகளின் ரேகைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நடுவில் தோகை விரித்ததுபோல ஏறி நிற்கின்றன.

[காலை 6:21] பெருந்துறை அத்தை: அந்தக் கவட்டை உன்னிடமா இருக்கிறது? மரம் முழுவதும் அறுவை மில்லுக்குப் போய்விட்டது என்றல்லவா பெரியண்ணன் என்னிடம் சொன்னார்.

[காலை 6:22] காங்கயம் பெரியப்பா: அடிமரம் போயிற்று. கவட்டை போகவில்லை.

[காலை 6:23] பெருந்துறை அத்தை: தெரிந்துகொண்டேன்.

[காலை 6:40] கோவை சித்தப்பா: ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம் என்பதற்காக முறையை இங்கேயே எழுதிவிடுகிறேன். சாளைச் சுவரில் சாத்தி வைத்ததால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு முகத்தில் மட்டும் அடித்து, அந்தப் பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கி, பலகை குழிந்து நிற்கிறது. இரு முகங்களையும் மட்டமாக்கினால் 12 மில்லிமீட்டர் போய்விடும், மிஞ்சுவது 38. கவட்டையில் ரேகை நான்கு திசையிலும் ஓடுவதால் இழைப்புளிக்கு வேலையில்லை. ஒரு விரற்கடை வழுவழுப்பாகச் செதுக்கிவிட்டு அடுத்த விரற்கடையில் பிய்த்துவிடும். ஆகவே சட்டம் ஒன்று கட்டி, அதன்மேல் ரூட்டர் என்ற மரம் குடையும் மின்கருவியை ஓட்டி மட்டமாக்குவேன். முனைகளுக்கு அன்றைக்கு யாரும் மெழுகு பூசாமல் விட்டதால் இரு பக்கமும் 4 அங்குலம் வெடித்திருக்கிறது. அதை அறுத்து எறிந்த பிறகு 28 அங்குலம் மிஞ்சும்; அதில் தட்டு 20 அங்குல நீளம், 14 அங்குல அகலத்தில் வரும்.

[காலை 6:48] பெங்களூரு தம்பி: இவ்வளவு எதற்கு, சித்தப்பா? ஈட்டி மரத் தட்டு இணையத்தில் கிடைக்கிறது, மூன்று நாளில் வந்துவிடும்.

[காலை 6:55] கோவை சித்தப்பா: பட்டா நிலத்தில் நின்றாலும் ஈட்டியை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 1994இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அந்த மரம் உனக்கு மூன்று நாளில் வருகிறது என்றால், சாயம் பூசிய வேறு ஏதோ வருகிறது என்று வைத்துக்கொள்.

[காலை 7:02] காங்கயம் பெரியப்பா: தட்டின் ஓரத்தில் அந்த வெள்ளைப் பகுதியை அப்படியே விடு. பட்டைக்கு அடியில் இருக்கும் வளைவு பார்க்க அழகாக இருக்கும்.

[காலை 7:15] கோவை சித்தப்பா: அழகுதான், அண்ணா, ஆனால் வாகையில் உள்மரமான வைரம் மட்டும்தான் நம்பக்கூடியது; வெளிமரமான அந்த வெளிறு எளிதில் உளுத்துவிடும். இந்தப் பலகையிலேயே குண்டூசித் துளைகள் இருக்கின்றன. சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் தட்டை வைத்த இடத்தில் மாவு உதிர்ந்து கிடந்தால் யார் பதில் சொல்வது? அதை நீக்கியே தீர வேண்டும்.

[காலை 7:16] அப்பா: சரி, நீக்கிவிடு.

செவ்வாய்

[மாலை 5:30] கோவை சித்தப்பா: இன்று ஒரு தடங்கல். தோகை ரேகைக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலக்கறுப்பாக ஒரு கறை தெரிந்தது. காந்தத்தை வைத்தேன், பிடித்துக்கொண்டது. உள்ளே ஊஞ்சல் கொக்கியின் முனை ஒடிந்து புதைந்திருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் இரும்பின் துருவும் கலந்துதான் அந்தக் கறை. பார்க்காமல் ரூட்டரை இறக்கியிருந்தால் அதன் வெட்டும் அலகும் போயிருக்கும், என் கண்ணும் போயிருக்கலாம். உளியால் குடைந்து எடுத்துவிட்டேன். குழியை எபாக்ஸிப் பிசின் ஊற்றி மூடிவிட்டுக் கறையைச் சுரண்டி எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

[மாலை 5:34] பெருந்துறை அத்தை: கறையை எடுக்காதே.

[மாலை 5:36] பெங்களூரு தம்பி: அத்தை, புதுத் தட்டில் கறை இருந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்?

[மாலை 5:41] பெருந்துறை அத்தை: என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். அந்தக் கொக்கியை அடித்தவர் உன் அப்பாரு, அதாவது என் அப்பா. அதில் கட்டிய ஊஞ்சலில் ஆடியவள் நான். மாசி, பங்குனியில் காய்ந்த நெற்று சலசலக்கும்போது அதன் அடியில் உட்கார்ந்து அவர் சொன்னது, இந்த மரத்தில் என் பெண்ணுக்குக் கட்டில் செய்வேன் என்பது. கட்டில் வரவில்லை, கறையாவது இருக்கட்டும்.

[மாலை 5:50] காங்கயம் பெரியப்பா: பாகம் பிரித்தபோது அந்த மரம் யார் பங்கில் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

[மாலை 5:52] பெரியம்மா: தட்டைப் பற்றி மட்டும் பேசுவோம். நன்றி.

[இரவு 8:05] கோவை சித்தப்பா: கறை ஆழமாக ஊறியிருக்கிறது, சுரண்டினாலும் முழுதாகப் போகாது போலிருக்கிறது. தட்டுக்குக் குழிவு வெட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன், அக்கா. என்னை இப்போதே வாக்குக் கொடுக்க வைக்காதீர்கள்.

வெள்ளி

[பகல் 1:20] கோவை சித்தப்பா: இரண்டு நாள்களாக எழுத முடியவில்லை, வாகைத் தூள் மூக்கில் ஏறி ஓயாத தும்மல். முகமூடி போட்டும் பயனில்லை. குழிவு வெட்டியாகிவிட்டது. ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டி, ஒரு நடைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல், நடுவில் ஒரு திட்டை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தேன். அது இல்லாவிட்டால் ரூட்டரின் அடித்தகடு ஊன்ற இடமின்றிச் சாய்ந்து குழிக்குள் விழுந்துவிடும். பம்பு உறுப்புகளை முப்பது ஆண்டுகள் நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்த்துக் கடைந்தவன் நான், ஆனால் மரம் வேறு சாதி. இரும்பு கடைந்த அளவில் நிற்கும். மரத்தில் நடுச்சதையை எடுத்ததும் உள்ளே இறுகிக் கிடந்தது தளர்ந்து, பலகை தானாக முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் அடித்தடிமன் 8 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் 11 வைத்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு வாரம் ஓய்வெடுக்கவிட்டு, பிறகு மிச்சத்தை எடுக்க வேண்டும்.

[பகல் 1:24] பெரியம்மா: விசேஷம் நாளை மறுநாள், தம்பி.

[பகல் 1:25] கோவை சித்தப்பா: தெரியும். 11லேயே நிறுத்திவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[பகல் 1:31] காங்கயம் பெரியப்பா: முறுக்கும் என்று பயமிருந்தால் அடியில் குறுக்கே இரண்டு சட்டங்களை வைத்து ஆணி அடித்துவிடு.

[பகல் 1:44] கோவை சித்தப்பா: மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். குறுக்கே இறுக்கிக் கட்டினால் ஐப்பசி மழையில் நெளியும், கோடையில் நடுவே வெடிக்கும். வாயை மூடி வைத்தால் ஒரு நாள் வெடிப்பது மனிதர்கள் மட்டுமல்ல.

[பகல் 1:46] பெருந்துறை அத்தை: நன்றாகச் சொன்னாய், தம்பி.

[பகல் 1:58] பெரியம்மா: மேற்பூச்சுக்கு நல்ல தேங்காய் எண்ணெய் அனுப்பட்டுமா? காங்கயத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

[பகல் 2:06] கோவை சித்தப்பா: வேண்டாம். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பு நிற்கும், சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றைக் குடித்து இறுகி மரத்தோடு மரமாகும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துத்தான் காயப்போட வேண்டும். இப்போது எஃகுச் சுரண்டியால் இழுத்துவிட்டு, 120, 180, 240 என்று உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

[பகல் 2:08] பெங்களூரு தம்பி: உப்புத்தாள் போட்டாயிற்று, சர்க்கரைத்தாள் எப்போது?

[பகல் 2:09] அப்பா: வேலைக்குப் போ.

சனி

[காலை 9:12] கோவை சித்தப்பா: இரண்டு பூச்சு முடிந்தது. எண்ணெய் பட்டவுடன் தோகை எழுந்து நிற்கிறது. கொக்கிக் குழியை மூடிவிட்டேன், கறை இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: உப்பைத் தட்டில் நேரடியாகக் கொட்டாதீர்கள். அது ஈரத்தை இழுத்துக் கசியும், பித்தளைக் கைப்பிடியில் பச்சை பூக்கும். மஞ்சள் பட்டாலும் கறை போகாது. அடியில் வாழையிலை போட்டுக் கிண்ணங்களில் வையுங்கள்.

[காலை 9:20] காங்கயம் பெரியப்பா: தட்டில் உப்பு வைப்பதுதான் முறை. கிண்ணத்தில் வைப்பதை நான் பார்த்ததில்லை.

[காலை 9:22] பெரியம்மா: வாழையிலை போதும் என்று நினைக்கிறேன். சடங்கை நடத்தித் தரும் அருமைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

[காலை 9:30] பெருந்துறை அத்தை: நங்கையா (அண்ணி), விசேஷம் முடிந்த பிறகு அந்தத் தட்டு யார் வீட்டில் இருக்கும்?

[காலை 9:47] பெரியம்மா: அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

[காலை 9:48] பெருந்துறை அத்தை: மரத்தை வெட்டியபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

[காலை 10:15] கோவை சித்தப்பா: மூன்றாம் பூச்சை இப்போது தொடங்குகிறேன். நாளை காலை 5 மணிக்கு வேன் பெருந்துறை வழியாகத்தான் போகும், அக்கா. தட்டை நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், திருகாணி இன்னும் முழுதாக இறுக்கவில்லை.