புதுப்பிப்பு: குடியாத்தம் மளிகைக்கடை நைனாவின் ரத்த நோட்டு

போன மாதம் எழுதியிருந்தேனே, எங்கள் தெரு மளிகைக்கடை நைனா, கடன் நோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நீள நோட்டில் ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் எழுதி வைத்திருப்பார் என்று. அவருக்கு முழங்கால் ஆபரேஷன், கடை மூடிக் கிடக்கிறது, இனி அந்த நோட்டு என்ன ஆகும் என்று நிறைய பேர் கேட்டீர்கள்.

கடை திறந்தாச்சு. பெரிய மகள் கல்லாவில் உட்காருகிறார்.

நோட்டைப் போனில் ஏற்றித் தருகிறேன் என்று நான்தான் அதிகப்பிரசங்கியாகப் போய் நின்றேன். 2021 நவம்பரில் கவுண்டன்ய ஆற்று வெள்ளத்தில் நனைந்த பக்கங்களில் மை பரவியிருக்கிறது, அது கூடப் பரவாயில்லை. பெயர்களுக்கு எதிரே பென்சிலில் "நைட் ஷிப்ட், காலையில் கூப்பிடாதே", "அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றெல்லாம் இருக்கிறதே, இதை எந்தக் கட்டத்தில் போடுவது? ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி வேண்டும் என்பதால் நாள் ஆகாதவர்களுக்கு நேரே சின்னதாக ஒரு சுழி. ரத்தத்திலிருந்து பிரித்து வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும், அதனால் டெங்கு சமயத்தில் ராத்திரியிலேயே அதைக் கொடுக்க வேலூருக்கு பஸ் ஏறக்கூடியவர்கள் தனிப் பக்கம்.

பாதி ஏற்றிவிட்டேன். நைனா கட்டிலில் இருந்தபடியே, "அதெல்லாம் சரிப்பா, உன் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்.

இல்லை. வெள்ளிக்கிழமை போகிறேன்.