புதுப்பிப்பு: சூடேறினால் நின்றுவிடும் பழைய மினி லாரி

முன்பு கேட்டது இதுதான்: ரோட்டரி டீசல் பம்ப் உள்ள பழைய வண்டி காலையில் உடனே கிளம்புகிறது, என்ஜின் நன்றாகச் சூடேறியதும் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. டீசல் ஃபில்டர் மாற்றியும் பயனில்லை.

காரணம் கிடைத்துவிட்டது. பலர் சந்தேகப்பட்டபடி டீசல் குழாயில் காற்றுப் புகுகிறதா என்று முதலில் பார்த்தோம். பம்புக்குப் போகும் வழியில் கண்ணாடி போன்ற டியூபைப் பொருத்தி ஓட்டினோம், குமிழி வரவில்லை. டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்தியும் வண்டி நின்றது.

மிச்சம் இருந்தது பம்பில் உள்ள ஸ்டாப் சோலினாய்டு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் டீசல் வால்வு. அதற்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரைதான் டீசல் வழி திறந்திருக்கும். வண்டி நின்ற உடனே, சாவியை ஆன் நிலையில் வைத்து மல்டிமீட்டரால் பார்த்தோம். முனையில் 12 வோல்ட் வருகிறது. ஆனால் ஒயரைக் கழற்றி மாட்டினால் ‘டிக்’ என்ற சத்தமே இல்லை. ஓம் அளவில் அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அறுந்ததாகக் காட்டியது. ஈரத்துணி சுற்றி ஆறவைத்ததும் சத்தம் திரும்பியது, என்ஜினும் கிளம்பியது. சூட்டில் சுருளின் உள்ளே தொடர்பு விட்டுப்போகிறது, அவ்வளவுதான். தயவுசெய்து இந்தச் சோதனையைச் சூடு தணிவதற்குள் செய்யுங்கள். ஆறிய சோலினாய்டு எல்லாம் சரி என்றே காட்டும்.

புதியது பொருத்திய பின், முழுச் சுமையோடு மலையேற்றத்திலும் நிற்கவில்லை.

சோலினாய்டின் உள்ளே டீசல் வழியை அடைக்கும் பிளஞ்சரை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். அப்படிச் செய்தால் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்த முடியாது.