ஓவன் சூடு சரிதானா? குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

கவிதா: கேக் மேல கருகுது, நடுவுல மாவாவே இருக்கு. 180லதான் வைக்கிறேன். ஓவனை மாத்திடலாமா?

சித்தி: அவசரப்படாதடி. வெளிய காட்டுற எண் வேற, உள்ள இருக்கிற சூடு வேற. முதல்ல அளந்து பாரு.

கவிதா: பீப் சத்தம் வந்த பிறகுதான் உள்ள வைக்கிறேன் சித்தி.

மாமா: பீப் அடிக்கும்போது உள்ள காத்துதான் சூடாகியிருக்கும்மா. சுவரும் தட்டும் சூடேறக் கூட ஒரு கால் மணி நேரம் ஆகும். ஓவனுக்குன்னே விக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கு. நடுத்தட்டுல, சுவர்ல படாம வை. கண்ணாடி வழியாவே பாரு, கதவைத் திறந்தா சூடு இறங்கிடும்.

கவிதா (மாலை): மாமா, 206 வரைக்கும் ஏறுது, அப்புறம் 186க்கு இறங்குது, திரும்ப ஏறுது. தெர்மாமீட்டர் கெட்டதா?

மாமா: இல்லம்மா. சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட், சூடேத்துற காயிலைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தித்தான் சூட்டைப் பிடிச்சு வைக்கும். ஏத்தத்தையும் இறக்கத்தையும் நாலஞ்சு சுத்து எழுதிச் சராசரி எடு. உன் கணக்குல 196 வருது. 16 டிகிரி கூட, அதான் கருகுது.

சித்தி: இன்னொரு சாட்சி வேணும்னா சர்க்கரை இருக்கு. அது 186 வாக்கில உருகும். ஒரு ஸ்பூன் ஃபாயில் கிண்ணத்துல போட்டு 175ல வை. கால் மணி நேரத்துல உருகிட்டா ஓவன் சூடு அதிகம். அதுக்கு மேல விடாத, நேரம் போகப்போக குறைஞ்ச சூட்டுலயும் இளகும்.

பிரபு: நம்ம வீட்டு ஓவனுக்குத் திருகுற குமிழ்தான், சூட்டைத் திருத்த செட்டிங்ஸ் மெனு கிடையாது. என்ன பண்றது மாமா?

மாமா: சில மாடல்ல குமிழைக் கழட்டினா பின்னாடி திருத்துற ஸ்க்ரூ இருக்கும். மேனுவலைப் பாத்துட்டுத் தொடு. தொடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கு, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. கவிதா, உனக்கு செட்டிங்ஸ்லயே இருக்கும், 16 குறைச்சு வை.

சித்தி: அண்ணா, அதுக்கு முன்னாடி சென்சார்! உள்ள பின்சுவர்ல நீட்டிட்டு இருக்கிற மெல்லிசுக் குச்சி. அதுல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சா சூட்டை லேட்டா உணரும். சுவர்ல முட்டிட்டு இருந்தாலும் தப்பாத்தான் காட்டும். நல்லா ஆறின பிறகு ஈரத்துணியால துடைச்சுட்டு, மறுபடி அளந்துட்டுத் திருத்தட்டும்.

மாமா: கரெக்ட், அதுதான் முதல் வேலை. கதவு ரப்பரையும் பாரு. ஒரு பேப்பரை வெச்சு மூடி இழு, சும்மா வழுக்கிட்டு வந்தா ரப்பர் தளர்ந்திருக்கு. அதைத் தேய்ச்சுக் கழுவாத.

பிரபு: ஓவன் தானே சூடேறிப் பிசுக்கை எரிக்கிற செல்ஃப் கிளீன் போட்டா எல்லாம் போயிடும்ல?

சித்தி: போகும், ஆனா 500 டிகிரி கிட்ட ஏறும்டா. தட்டெல்லாம் வெளிய எடு, ஜன்னலைத் திற. உன் லவ் பேர்ட்ஸ் கூண்டை வீட்டை விட்டே வெளிய கொண்டு போ. நான்ஸ்டிக் பூச்சு அந்தச் சூட்டுல விடுற புகை பறவையைக் கொன்னுடும். நிஜமாத்தான் சொல்றேன்.

கவிதா: கிளீனர் ஸ்ப்ரே அடிக்கலாமா?

சித்தி: நிறைய ஸ்ப்ரேல காஸ்டிக் சோடா இருக்கும். கையுறை போட்டுக்கோ. காயில், சென்சார், ரப்பர் மேல படக் கூடாது. அடியில ஃபாயில் விரிக்கிற பழக்கமும் வேண்டாம், சூடு ஒரே இடத்துல தேங்கும்.

அத்தை: எங்களுது கேஸ் ஓவன். தீ ரெண்டு நாளா மஞ்சளா எரியுது.

மாமா: உடனே அணைச்சுடுங்க! நீலமாத்தான் எரியணும். மஞ்சள்னா சரியா எரியல, கார்பன் மோனாக்சைடு வரலாம், அதுக்கு வாசனையே கிடையாது. ஜன்னலைத் திறந்து வைங்க. கேஸ் மெக்கானிக் வந்து பார்க்கிற வரைக்கும் பத்த வைக்க வேண்டாம்.

அத்தை: அணைச்சுட்டேன். ஜன்னலும் திறந்தாச்சு. மெக்கானிக்குக்குச் சொல்லிட்டு வரேன்.

கவிதா: மாமா, சென்சார்ல ஒரே பிசுக்கு! துடைச்சுட்டேன். இப்ப 196 இல்ல, சராசரி 189 வருது.

மாமா: அப்ப 16 வேண்டாம், 9 மட்டும் குறை.