மறு: கிளையாட்டம் – சரியாக வருமா?

> சொத்து வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபோலி போன்ற பலகை விளையாட்டிலிருந்து பிரிந்து வரும் சீட்டு, பகடை விளையாட்டுகளைக் "கிளையாட்டம்" எனலாமா?

வணக்கம்.

எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலில் "ஆட்டம்". எங்கள் கோவைப் பக்கம் "அவனாட்டம்" என்றால் அவனைப் போல. "மோனோபோலி டீல் ஒரு கிளையாட்டம்" என்று எழுதினால் எது கிளை மாதிரி இருக்கிறது என்று கேட்பார்கள். விளையாட்டு என்றே முழுசாக எழுதிவிடலாம்.

அடுத்தது "கிளை". நளன் கதை பாரதத்தின் கிளைக்கதை. பாரதத்துக்கு உள்ளேயே இருக்கிறது. வங்கிக் கிளையும் தலைமையகத்தை நம்பித்தான். நாம் பேசுவது தனிக்குடித்தனம் போன பிள்ளையைப் பற்றி. 2008இல் வந்த மோனோபோலி டீல் என்ற சீட்டு விளையாட்டில் பலகையும் இல்லை, பகடையும் இல்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு. முறை வந்தால் இரண்டு எடுத்து, மூன்று வரை இறக்கலாம். வெவ்வேறு நிறத்தில் மூன்று சொத்துத் தொகுதிகளை முதலில் முடித்தவர் ஜெயித்தார். மீதிச் சில்லறை கிடையாது: உங்களிடம் இருப்பது 5 மில்லியன் சீட்டு ஒன்றுதான் என்றால் 2 மில்லியன் கேட்டவருக்கும் அதையே நீட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதிகச் சண்டை இதில்தான்.

பார்க்கர் பிரதர்ஸின் 'டோன்ட் கோ டு ஜெயில்' பகடை விளையாட்டு இன்னும் தூரம் போய்விட்டது. விருப்பம்போல் உருட்டிப் புள்ளி சேர்க்கலாம். பகடைகளில் எழுதியிருக்கும் கோ, டு, ஜெயில் என்ற மூன்று சொல்லும் விழுந்துவிட்டால் அந்த முறையில் சேர்த்ததெல்லாம் போச்சு. பேரமே கிடையாது. மோனோபோலிப் பலகையில் 'ஜெயிலுக்குப் போ' என்னும் மூலைக் கட்டம் தனி விளையாட்டாகிவிட்டது. 1972இன் வாட்டர்வொர்க்ஸ் சீட்டு விளையாட்டில் அந்த ஒட்டுதல்கூட இல்லை. சீட்டுகளை வைத்துக் குழாய் பதிக்கிறார்கள். பலகையில் உள்ள குடிநீர் நிலையக் கட்டத்திலிருந்து வந்தது பெயர் மட்டும்.

இதற்கு நன்னூலில் அளவுகோல் இருக்கிறது: முதல், வழி, சார்பு. முதல்நூலின் முடிவோடு ஒத்துப்போய், வேண்டிய மாற்றம் மட்டும் செய்வது வழிநூல். ஒரு பக்கம் ஒத்து, மற்றதில் மாறுபடுவது சார்புநூல். அப்படிப் பார்த்தால் சிறுவர்களுக்காக எளிமையாக்கிய மோனோபோலி ஜூனியர் வழிவிளையாட்டு, டீல் சார்புவிளையாட்டு.

---

ஐயா, வழிவிளையாட்டு அருமை. சார்பு வேண்டாமே. பிளஸ் ஒன் மாணவனுக்குச் சார்பு என்றால் கணக்குப் பாடம். மற்றவர்களுக்கு ஒன்றை அண்டியிருப்பது. தனிக்குடித்தனம் என்று நீங்களே சொல்லிவிட்டு, அண்டிப் பிழைப்பவன் பெயரை வைக்கலாமா?

நீங்கள் சொன்ன அதே நூற்பாவில் பவணந்தியார் சார்புநூலைப் "புடைநூல்" என்றுதானே சொல்கிறார்? புடை என்றால் பக்கம். புடைவிளையாட்டு?

---

முறமும் தவிடும் கண்முன் வருகிறது. அடிதடியும் வருகிறது. ஆனாலும் சிற்பக்காரர்கள் "புடைப்பு" என்று சொல்லும்போது யாரும் முறத்தை நினைப்பதில்லை, பழகிவிடும். தனியாக வாங்கினால் ஆட முடியாத, மூலப் பெட்டியோடு சேர்த்தே ஆட வேண்டிய கூடுதல் பெட்டிகள் இருக்கின்றன. "சார்பு" அவற்றுக்குத்தான் கச்சிதம். அங்கே அண்டியிருப்பதுதான் பொருளே.

கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: பலகையே இல்லாமல் தனித்து ஆடத்தக்கது புடைவிளையாட்டு; மூலம் இல்லாமல் ஆட முடியாதது சார்புவிளையாட்டு. பகடையா, தாயக்கட்டையா என்று தயவுசெய்து யாரும் தனி இழை தொடங்க வேண்டாம். தாயம் என்றால் பங்காளிச் சொத்தும்தான்; சொத்து விளையாட்டில் அதை இழுத்தால் பொங்கல் வரை முடியாது.