ஏபி, ஜிபில எப்ப 20 போடணும், எப்ப 19 போடணும்?

அரைத்தூக்கம்:
ஏபி (ஒரே எண்ண கூட்டிட்டே போற வரிசை), ஜிபி (ஒரே எண்ணால பெருக்கிட்டே போற வரிசை) ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், ஆனா கணக்குன்னு உக்காந்தா சொதப்புது. 7, 11, 15, 19னு போற வரிசைல 20வது உறுப்பு கேட்டாங்க, 4 4ஆ கூடுது, அதனால 20 × 4 = 80, கூட 7, மொத்தம் 87னு எழுதிட்டேன், விடைய பாத்தா 83. ஒண்ணு கழிக்கணும்னு தெரியும், ஏன்னு புரியாததால ஒவ்வொரு தடவையும் மறந்துடுது. ஜிபி கூடுதல் ஃபார்முலா எங்கேர்ந்து குதிச்சுச்சுன்னே தெரியல. அப்புறம் தொடர்வரிசையும் தொடரும் ஒண்ணா, வேறயா? யாராச்சும் பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ்

விரலிடுக்கு:
கைய விரிச்சு பாருங்க, அஞ்சு விரல், ஆனா இடுக்கு நாலு தான். அதே மாதிரி நீங்க கூட்டுற 4 நம்பர்ல இல்ல, ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கு. 20 உறுப்புன்னா 19 இடுக்கு, 19 × 4 = 76, கூட 7, 83 வந்துடுச்சா.

கமா போட்டு எழுதினா தொடர்வரிசை, கமாவ எடுத்துட்டு பிளஸ் போட்டா தொடர், அவ்ளோ தான். இதே வரிசைல முதலும் கடைசியும் கூட்டினா 7 + 83 = 90, அடுத்த ஜோடி 11 + 79, அதுவும் 90, ஏன்னா இந்தப் பக்கம் 4 ஏறுறப்ப அந்தப் பக்கம் 4 இறங்குது. 10 ஜோடி, 900. உறுப்போட எண்ணிக்கை ஒற்றைப்படைல இருந்தா நடுவுல ஒண்ணு தனியா நிக்கும், அது ஜோடில சரிபாதி, அதனால ஃபார்முலா (எண்ணிக்கைல பாதி × முதலும் கடைசியும் கூட்டினது) அப்பவும் உடையாது.

ரஃப்நோட்டு:
ஜிபிக்கு நான் வர்றேன். 3, 6, 12னு 8 உறுப்பு, கடைசி 384 (இங்கயும் இடுக்கு கதை தான், 7 தடவ தான் ரெட்டிக்கும்). ஒரு பேப்பர்ல 3 + 6 + 12 + … + 384ன்னு எழுதுங்க, அதுக்குக் கீழ எல்லாத்தையும் 2ஆல பெருக்கி எழுதுங்க, 6 + 12 + … + 384 + 768. கீழ் வரிலேர்ந்து மேல் வரிய கழிச்சா நடுவுல இருக்குறது மொத்தமா அடிபட்டு 768 − 3 = 765 மட்டும் மிஞ்சும், ரெண்டு மடங்குலேர்ந்து ஒரு மடங்கு போனதால அதான் கூடுதல். விகிதம் (ஒவ்வொரு தடவையும் பெருக்குற எண்) 3ன்னா மூணு மடங்குலேர்ந்து ஒரு மடங்கு போய் கூடுதல் ரெண்டு மடங்கா நிக்கும், அதனால 2ஆல வகுக்கணும், கீழ "விகிதம் கழித்தல் 1" வர்றது இதனால தான்.

வார்த்தைக் கணக்குல ஒண்ணு கவனிங்க, வருஷம் 500 கூடுதுன்னா ஏபி, வருஷம் 10 சதவீதம் கூடுதுன்னா ஜிபி, விகிதம் 1.1. நான் ரொம்ப நாள் 0.1ன்னு போட்டு மார்க்க கோட்ட விட்டவன்.

அரைத்தூக்கம்:
ஐயோ இவ்ளோ தானா!! ஆனா முடிவிலி தொடர் ஃபார்முலால (முதல் உறுப்ப 1 − விகிதத்தால வகுக்குறது) 1 + 2 + 4 + 8… போட்டா மைனஸ் 1 வருது, எல்லாமே பிளஸ் நம்பர் தானே??

ரஃப்நோட்டு:
அந்த 768 இருக்கே, அந்த வால் தான் வில்லன். முடிவிலி ஃபார்முலா வால தூக்கிப் போட்டுட்டு எழுதினது. விகிதம் −1க்கும் 1க்கும் நடுவுல இருந்தா வால் சுருங்கி சுருங்கி பூஜ்யத்துக்கு போயிடும், தூக்கிப் போடலாம். உங்க தொடர்ல வால் வளர்ந்துட்டே போகுது, அத எப்படி விடுறது.

விரலிடுக்கு:
உறுப்பு சுருங்கினா எந்தத் தொடரா இருந்தாலும் கூடுதல் கிடைச்சுடும்னு மட்டும் நினைச்சுடாதீங்க, ஜிபி ஆளு நல்லவன் அவ்ளோ தான். 1 + 1/2 + 1/3 + 1/4… பாருங்க, 1/3 + 1/4 அரைய தாண்டுது, அடுத்த நாலும் சேந்தா அரைய தாண்டுது, அடுத்த எட்டும் அப்படியே, முடிவே கிடையாது.

அரைத்தூக்கம்:
0.9 + 0.09 + 0.009… போட்டு பாத்தேன், விகிதம் 0.1, 0.9ஐ 0.9ஆல வகுத்தா 1 வருது. அப்ப 0.999…ன்னா 1க்கு ரொம்ப பக்கம்னு அர்த்தமா?

ரஃப்நோட்டு:
பக்கம் இல்ல, 1ஏ தான்.