மழை பெய்தால் வீடு முழுவதும் இருளாகிறது: வெளிவிளக்குகளை மாற்றியமைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தெஹிவளை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தெஹிவளையில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தொலைவில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் கேட் தூண்களில் இரண்டு விளக்குகளும், மதிலோரமாக மூன்றும், பின்வளவில் ஒன்றும் பொருத்தினோம். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது சற்றுப் பலமாக மழை பெய்தால் போதும், ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருளாகிவிடுகிறது. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். 74 வயதான அம்மா தனியாக இருப்பார். ட்ரிப் சுவிட்சை மேலே தள்ளுவதற்கு அவர் கதிரையில் ஏற வேண்டியிருக்கிறது என்பதே என் பெரிய கவலை.

எனக்கு விளங்காத விடயம் ஒன்று உண்டு. வெளிவிளக்குகளின் சுவிட்சுகள் அனைத்தையும் நிறுத்தி வைத்தாலும் ட்ரிப் விழுகிறது. நீர்ப்பம்பி அல்லது குளிர்சாதனப் பெட்டி இயங்கத் தொடங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அப்படி நடக்கிறது. பார்க்க வந்த ஒருவர், பழுது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கலாம் என்றார். பின்னர், ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்றும் சொன்னார். அதற்கு நான் உடன்படவில்லை. ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன்னர் எல்லாவற்றையும் முறையாக மாற்றியமைக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொட்டாஞ்சேனை ஓய்வுபெற்ற மின்பணியாளர் எழுதியது:

மகளே, உடன்படாமல் இருந்தது மிகச் சரியான முடிவு. வீடுகளில் உள்ள ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லியம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவர் கசிவுள்ள விளக்குத் தூணைத் தொட்டால், அவருடைய உயிரைக் காப்பது அதுவே. அதைக் கழற்றச் சொல்பவரை இனி வீட்டு வேலைக்கு அழைக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் பழுது எங்கே என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. சாதாரண சுவிட்ச் மின்சாரத்தைக் கொண்டுவரும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும்; அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் விளக்குவரை இணைப்பிலேயே இருக்கும். வெளியே வயர்களை இணைத்த ஒரு ஜொயின்டில் தண்ணீர் புகுந்து, நியூட்ரல் மண்ணோடு அல்லது எர்த் வயரோடு தொடர்புபட்டால், வீட்டுக்குள் இயங்கும் மற்றப் பொருட்களின் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அந்த வழியாக மண்ணுக்குள் போகும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாததால் ட்ரிப் விழுகிறது. நீர்ப்பம்பி தொடங்கும்போது மின்னோட்டம் திடீரென்று கூடுவதால், கசிவும் கூடுகிறது. பாவம், குளிர்சாதனப் பெட்டியின் மீது பழி விழுந்துவிட்டது. நாற்பது ஆண்டு வேலையில், இதே காரணத்துக்காக நல்ல குளிர்சாதனப் பெட்டிகளை விற்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரை அழைத்து, மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னர், வெளிவிளக்குகளுக்குப் போகும் லைவ், நியூட்ரல் இரண்டையும் மின்பலகையில் கழற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு மழையிலும் ட்ரிப் விழவில்லை என்றால், பழுது வெளியில்தான். அடுத்து, எல்ஈடி விளக்குகளைக் கழற்றிவிட்டு, வயரின் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியால் 500 வோல்ற்றில் அந்த வயரைச் சோதிக்க வேண்டும். எர்த்துக்கு எதிராக 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், வயரை நடுவில் பிரித்து எந்தப் பாதியில் பழுது என்று பார்த்து, அந்தப் பாதியையும் மறுபடி பிரித்துப் பார்த்தால் இடம் அகப்பட்டுவிடும். ஈரம் காய்ந்த பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஆகவே மழை பெய்த மறுநாள் காலையிலேயே செய்விக்க வேண்டும்.

மாற்றியமைக்கும்போது, வெளிவிளக்குகளுக்கென்று லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் தனி ஆர்சிபிஓ (கசிவு வந்தாலும் மின்னோட்டம் அளவுக்கு மீறினாலும் விழும் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்துங்கள். அதை இப்போதுள்ள ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்தால் இரண்டும் சேர்ந்தே விழக்கூடும். அதற்கு முன்னாலிருந்தே பிரித்தெடுத்தால், கேட் விளக்கில் பழுது வந்தாலும் வீட்டுக்குள் வெளிச்சம் இருக்கும், அம்மாவும் கதிரையில் ஏற வேண்டியதில்லை.

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

தங்கை, ஐயா சொன்னவற்றுக்கு மேலதிகமாக, கடலுக்கு அருகில் வாழ்பவள் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் விளக்குகளை முதலில் அழிப்பது மழை அல்ல, உப்புக்காற்றுத்தான். நாங்கள் முதலில் வாங்கிய அலுமினிய விளக்குகளில் திருகாணிகள் சாதாரண இரும்பில் இருந்தன. ஒன்றரை ஆண்டில் அவை இறுகிப்போய், மின்குமிழ் மாற்றுவதற்காக மூடியை உடைக்க வேண்டியதாயிற்று. இப்போது திருகாணிகளையும் பிடிகளையும் 316 தரத்துத் துருப்பிடிக்காத உருக்கில் மட்டுமே வாங்குகிறோம். 304 தரம் விலை குறைவுதான், ஆனால் கடலோரத்தில் அதிலும் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடுகின்றன. தடித்த பிளாஸ்ரிக் உடல் கொண்ட விளக்குகள் பார்வைக்கு எளிமையாக இருந்தாலும், எங்கள் மதிலில் அவையே நீடித்து நிற்கின்றன.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விளக்கு வாங்கப் போனால், பெட்டியில் ஐபி எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசுக்கும் இரண்டாவது தண்ணீருக்கும் உரியது. ஐபி44 தெறிக்கும் நீரைத் தாங்கும். திறந்த மதிலுக்கு ஐபி65 வேண்டும். தரைக்குள் பதிக்கும் விளக்குக்கு ஐபி67. ஆனால் அந்த எண் விளக்குக்கு மட்டுமே பொருந்தும். வயர் நுழையும் துவாரத்தில் இரண்டு மெல்லிய வயர்களைச் செருகி விட்டுவிட்டால், அவற்றுக்கிடையில் உள்ள இடைவெளியால் தண்ணீர் போய்விடும். உருண்டை வடிவக் கேபிளும் அதன் தடிப்புக்குப் பொருந்தும் கிளாண்டும் (துவாரத்தில் கேபிளை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் பிடி) பயன்படுத்த வேண்டும். கேபிள் மேலிருந்து நேராக விளக்குக்குள் இறங்கக்கூடாது. சற்றுக் கீழே தொங்கி, வளைந்து, அடிப்பக்கமாக நுழைந்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சிலிக்கன் பூசும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். விளக்கின் மேற்பக்கத்தையும் இரு பக்கங்களையும் அடைத்த பின்னர், கீழே இருக்கும் சிறு துவாரத்தையும் அடைத்துவிடுகிறார்கள். சூடான விளக்கின் மீது திடீரென்று மழை விழுந்தால், உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் வடிவதற்கென்றே உற்பத்தியாளர் கீழே துவாரம் வைக்கிறார். தரைவிளக்கு என்றால் குழியின் அடியில் அரையடிக்குச் சரளைக்கல் போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, விளக்குப் பழுதாவது ஒரு பக்கம் இருக்க, டெங்கு நுளம்பும் பெருகும்.

நுகேகொடை தம்பி எழுதியது:

அக்கா, மதிலோர விளக்குகளை 12 வோல்ற்றுக்கு மாற்றினால் மின்னதிர்ச்சி அபாயம் வெகுவாகக் குறையும் என்பது உண்மை. அதைச் செய்வதற்கு முன்னர் வயரின் தடிப்பைக் கணக்கிடுங்கள். நான் அதைச் செய்யாமல், மாமரத்தடியில் இருந்த கடைசி விளக்குகள் மங்கலாக எரிவதைப் பார்த்து, விளக்குகளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். மொத்தம் 60 வாற்று விளக்குகள் 12 வோல்ற்றில் 5 அம்பியர் இழுக்கும். 20 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால், போக வர 40 மீற்றரில் ஏறத்தாழ அரை ஓம் தடை இருக்கும். அப்படியானால் கடைசியில் கிட்டத்தட்ட 2.4 வோல்ற் குறைந்துவிடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 4 சதுர மில்லிமீற்றர் வயரில் இந்த இழப்பு 1 வோல்ற்றுக்குள் அடங்கும். 24 வோல்ற் விளக்குகள் கிடைத்தால் மெல்லிய வயரிலேயே இழப்பு இருபதில் ஒரு பங்குதான்.

2022 மின்வெட்டுக் காலத்தில் பலரைப் போல நாங்களும் சூரியக்கல விளக்குகள் வாங்கினோம். நிழலில் வைத்தவற்றின் பற்றரிகள் ஒரே ஆண்டில் செயலிழந்தன. மொட்டைமாடி விளிம்பில் வெயில்பட வைத்தவை இன்றும் எரிகின்றன.

தெஹிவளை வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி நேற்று இரவு மழைக்குப் பிறகு இன்று காலையில் சோதிக்கச் செய்தேன். பழுது இடப்பக்கக் கேட் தூணில் இருந்தது. விளக்கைக் கழற்றியபோது அதன் பின்னால், சீமெந்துத் துளைக்குள், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜொயின்ட் இருந்தது. டேப்பின் பசை கரைந்து அவிழ்ந்து கிடந்தது. செப்புக் கம்பி பச்சை நிறமாக மாறியிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் ஈரமண் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தன. அந்த மண் எர்த் வயர்வரை ஒட்டியிருந்தது. வந்தவர் அதைக் காட்டியபோது, அம்மாவும் நானும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். மழையில் வரும்போதெல்லாம் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா கேட்டைத் திறப்பார்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாலையானதும் தானாக எரியும்படி கேட் விளக்கில் ஒரு சென்சர் பொருத்த நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் அத்தகைய விளக்கு இரவு முழுவதும் எரிந்து அணைந்துகொண்டே இருக்கிறது. அதை எப்படித் தவிர்ப்பது?

கொட்டாஞ்சேனை ஓய்வுபெற்ற மின்பணியாளர் எழுதியது:

பழுது அகப்பட்டது பெரிய ஆறுதல், மகளே. அந்தத் துளைக்குள் இனி ஜொயின்ட் வேண்டாம். கேபிளை முறிக்காமல் விளக்குவரை கொண்டுபோகச் சொல்லுங்கள். முடியாவிட்டால், எட்டிப் பார்க்கக்கூடிய உயரத்தில் ஐபி65 பெட்டிக்குள், ஜெல் நிரப்பிய இணைப்பிகளால் செய்யட்டும். பக்கத்து வீட்டுச் சென்சர் பெரும்பாலும் தன் விளக்கின் வெளிச்சத்தையே பார்க்கிறது. விளக்கு எரிந்தவுடன் பகல் என்று நினைத்து அணைத்துவிடுகிறது, அணைந்ததும் இரவு என்று மறுபடி எரியவிடுகிறது. உங்களுடைய சென்சரை விளக்குக்குப் பின்புறமாக, வானத்தைப் பார்க்கும்படி, மதிலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் படாத இடத்தில் பொருத்துங்கள். புதிய ஆர்சிபிஓவில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தும் வேலையை அம்மாவிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்யுங்கள். பலகையையும் அவர் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள்.