ஊசி குத்தினால் மயக்கம். மூச்சுப் பயிற்சி செய்தால் இன்னும் கூடுது, ஏன்?

கொக்கிரகுளத்தான்:
அக்கா மகளுக்கு 22 வயசு. தைராய்டு மாத்திரை சாப்பிடுதா, அதனால அப்பப்போ ரத்தம் எடுக்கணும். ஊசியைக் கண்டதும் வேர்த்து, குத்தின உடனே மயங்கிச் சரிஞ்சிருதா. சின்னப் பிள்ளையிலருந்தே இப்படித்தான். மூச்சை ஆழமா இழுத்து விடு, உடம்பைத் தளர்த்துன்னு சொல்லிக் குடுத்திருக்காவ. அப்படிச் செஞ்சா இன்னும் சீக்கிரம் விழுதா. பதற்றத்தைக் குறைக்கிற அல்பிரசோலம் மாத்திரை போட்டுட்டுப் போகலாமான்னு வீட்டுல கேக்காவ. பாளையங்கோட்டைல எங்க காட்டலாம்?

ஹைகிரவுண்டு ரோடு:
அண்ணாச்சி, நாய், உயரம், லிஃப்ட் மாதிரிப் பயத்துல நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். அதுல ஆள் மயங்கி விழுறது அபூர்வம். ரத்தம், ஊசி பயம் மட்டும் வேற சாதி. முதல்ல பிரஷர் ஏறி, அப்புறம் நாடியும் பிரஷரும் சட்டுன்னு இறங்கிரும். மூளைக்கு ரத்தம் குறைஞ்சு மயக்கம் வரும். இறங்கிக்கிட்டு இருக்கிற பிரஷர்ல உடம்பையும் தளர்த்தினா விழாம என்ன செய்யும்?

இதுக்கு இறுக்கணும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்டும் கூட இருந்தவங்களும் 1980கள்ல வகுத்த முறை, பேரு அப்ளைடு டென்ஷன். நாற்காலியில உக்காந்து கை, தொடை, வயிறு மூணையும் 10 முதல் 15 விநாடி இறுக்கணும், முகம் சூடாகிற வரைக்கும். பிறகு சாதாரணமா உக்காந்திருக்கிற நிலைக்கு மட்டும் திரும்பணும், தொய்ய விடக்கூடாது. 20, 30 விநாடி விட்டு மறுபடி. 5 தடவை செஞ்சா ஒரு சுற்று, ஒரு நாளைக்கு 5 சுற்று. ஒரு வாரம் ஊசி பக்கமே போகாம வீட்டுல பழகட்டும்.

சொதப்புற இடம்: மூச்சை அடக்கிக்கிட்டு இறுக்குறது, பல்லையும் முகத்தையும் சேத்து இறுக்குறது (தலைவலி வரும்), குத்துற கையையே இறுக்குறது. அந்தக் கை தளர்வா இருக்கணும், காலும் மறு கையும் போதும். மயக்கம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. கொட்டாவி, குமட்டல், காது அடைக்கிறது, கண் மங்குறது, இதுல முதல்ல எது வருதோ அப்பவே இறுக்க ஆரம்பிக்கணும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தா, கர்ப்பமா இருந்தா, டாக்டரைக் கேக்காம செய்யக்கூடாது.

இதோட படிப்படியா ஊசியை எதிர்கொள்ளவும் வேணும், இதுக்குப் பேரு எக்ஸ்போஷர். சிரிஞ்ச் படம், ரத்தம் எடுக்கிற வீடியோ, மூடி போட்ட சிரிஞ்சைக் கையில வச்சிருக்கிறது, கையில ரப்பர் பட்டை கட்டி ஸ்பிரிட் பஞ்சு தடவுறது, லேப்ல உக்காந்து பாக்குறது, விரல் நுனிக் குத்து, கடைசியா கை நரம்புல ரத்தம் எடுக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி "என்ன நடக்கும்னு நினைக்கே?"ன்னு கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் ஒப்பிட்டுப் பாக்கணும். நினைச்சது நடக்கலைன்னு அவளே கண்டுக்கிறதுதான் மருந்து. கஷ்டமான படியில பாதியில ஓடி வந்தா பயம்தான் ஜெயிக்கும்.

பேட்டை லேப்:
மயக்கம் வரும்னு முன்னாடியே சொல்லிருங்க, ஆரம்பத்துல படுக்க வச்சு எடுக்கலாம். தைராய்டு பரிசோதனைக்குப் பொதுவா வெறும் வயிறு தேவையில்ல. சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டு வரட்டும். மெல்லிய பட்டர்ஃபிளை ஊசி கேட்டு வாங்குங்க. மரத்துப்போற கிரீம் ஒரு மணி நேரம் முன்னாடி தடவினா வலி குறையும், மயக்கத்தை நிறுத்தாது.

எடுத்து முடிஞ்சதும் எந்திரிச்சு நடக்க விடாதீங்க, கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும். விழுந்துட்டா மல்லாக்கப் படுக்க வச்சுக் காலைத் தூக்கி வையுங்க. கை கால் லேசா வெட்டலாம். உடனே சாவிக்கொத்தைக் கையில திணிக்காவ, வாயில தண்ணி ஊத்துதாவ, ரெண்டும் வேண்டாம். ஊசி இல்லாத நேரத்துலயும் மயங்கினா அது வேற கதை, டாக்டர் பாக்கணும்.

வண்ணாரப்பேட்டை:
மாத்திரை பத்தி: அல்பிரசோலம் அன்னைக்குப் படபடப்பைக் குறைக்கும், பயத்தைத் தீர்க்காது. விமானப் பயம் உள்ளவங்கள வச்சு 1997ல வந்த ஆய்வுல, முதல் பயணத்துல அல்பிரசோலம் போட்டவங்களுக்கு அடுத்த வாரம் மாத்திரை இல்லாமப் பறந்தப்போ, டம்மி மாத்திரை போட்டவங்களை விடப் பதற்றம் அதிகம். "மாத்திரைதான் காப்பாத்துச்சு"ன்னு மனசு கணக்குப் போட்டா பாடம் ஏறாது.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுல காட்டலாம். 14416 டெலிமானஸ், அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம். எங்க போனாலும் "எக்ஸ்போஷர் செய்வீங்களா, ஊசி பயத்துக்கு அப்ளைடு டென்ஷன் சொல்லித் தருவீங்களா?"ன்னு நேரடியாக் கேளுங்க. வெறும் ஆலோசனைன்னு பேச்சோட முடிஞ்சா வேற இடம் பாருங்க.

நாய் பயத்துக்கும் இதே படி முறைதான், அங்க இறுக்க வேண்டியதில்ல. தடுப்பூசி போட்ட வீட்டு நாய் வேணும். நம்ம தெரு நாயை வச்சுப் பழகப் போனா ரேபிஸ் ஊசியில போய் முடியும்.

கொக்கிரகுளத்தான்:
நல்லது அண்ணாச்சிமாரே. குத்தும்போது மூஞ்சியத் திருப்பிக்கலாமா?

ஹைகிரவுண்டு ரோடு:
முதல் ஒண்ணு ரெண்டு தடவை திருப்பிக்கட்டும். அப்புறம் பாக்கணும், இல்லன்னா "பாக்காததாலதான் விழல"ன்னு ஆயிரும். இறுக்கிக்கிட்டே பாக்கச் சொல்லுங்க.